‘கிடைத்தது’ வேறு, ‘ஏற்றோம்’ வேறு: நிறுவனங்களுக்கிடையிலான மின்வணிகத்தில் வாக்கு எங்கே பிறக்கிறது?

ராமநாதபுரம் கடலோரத்தில் நண்டு, கணவாய், கடல்பாசி, கருவாடு, முண்டு மிளகாய் என்று சரக்குப் பிடித்து வெளியூர் நிறுவனங்களுக்கு அனுப்பும் சிறு நிறுவனங்கள் ஏராளம். இவர்களுக்குச் சில ஆண்டுகளாக ஒரு புதுக் குழப்பம். வாங்கும் நிறுவனத்தின் இணையதளத்தில் ஆர்டரைத் திறந்தால் ‘ஏற்கப்பட்டது’ என்று காட்டுகிறது. விலைப்பட்டியலை அரசுத் தளத்தில் பதிந்தால் அங்கேயும் ‘ஏற்கப்பட்டது’. லாரி கிடங்கில் இறங்கியதும் கைப்பேசிக்கு வரும் செய்தியிலும் அதே சொல். கடைசியில் பணம் கேட்டால் மட்டும் ‘சரக்கை இன்னும் ஏற்கவில்லையே’ என்று பதில் வருகிறது.

ஒரே சொல் நான்கு இடத்தில் நான்கு பொருளில் நிற்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. நான்கு கம்ப்யூட்டர்களும் தத்தம் அளவில் உண்மையைத்தான் சொல்கின்றன. எந்தச் செய்தி யாரை எதற்குக் கட்டுப்படுத்துகிறது என்று முன்கூட்டியே வரைந்து வைக்காததுதான் கோளாறு. அப்படி வரைவதற்கென்று நாற்பது ஆண்டுகளாக வளர்ந்த ஒரு துறையே இருக்கிறது. வணிகச் செயல்முறையையும் கடப்பாட்டையும் மாதிரியாக வரையும் துறை அது. அதன் அடிப்படையிலிருந்து தொடங்கி, கடற்கரை வரைக்கும் அதை நடத்திப் பார்ப்போம்.

அச்சாரமும் சீட்டும்

மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். விரலை அழுத்துவது விலை கேட்பது. அழுத்திய விரலை விலக்கி வேறு விரலைக் காட்டுவது எதிர்விலை. இதெல்லாம் எத்தனை முறை நடந்தாலும் மாடு விற்றதாகாது. அச்சாரம் கைமாறினால்தான் வாக்கு. அதன் பிறகு இன்னொருவர் வந்து ஆயிரம் கூட்டிக் கேட்டாலும் மாட்டை அவருக்குக் கொடுக்கக் கூடாது. இது சந்தையில் நிற்கும் சிறுவனுக்கும் தெரியும்.

மின்வணிகத்தில் விரலும் இல்லை, துண்டும் இல்லை. செய்திகள் மட்டுமே போய் வருகின்றன. அவற்றில் எது விரல், எது அச்சாரம் என்பதுதான் கேள்வி. அதற்கு நான்கு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

1. செய்தி: ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றின் கம்ப்யூட்டருக்குப் போகும் ஆவணம். ஆர்டர், அனுப்புகை அறிவிப்பு, விலைப்பட்டியல் எல்லாம் செய்திகளே.

2. செயல்முறை: எந்தச் செய்திக்குப் பின் எது, யார் யாருக்கு, எவ்வளவு நேரத்துக்குள் என்ற ஒழுங்கு.

3. கடப்பாடு: இன்ன நிபந்தனை நிறைவேறினால் இன்னதை இன்ன காலத்துக்குள் செய்வேன் என்று ஒரு தரப்பு மறுதரப்புக்கு ஏற்றுக்கொண்ட பொறுப்பு. பேச்சில் நாம் ‘வாக்கு’ என்பது இதைத்தான்.

4. மாதிரி: மேலே சொன்ன மூன்றையும், மனிதரும் கம்ப்யூட்டரும் ஒரே விதமாகப் படிக்கும்படி வரைந்து வைத்த படம்.

பெரும்பாலான நிறுவனங்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன. மென்பொருள் விற்பவர்களும் அதையே விற்கிறார்கள். மூன்றாவதை வரையாமல் விடுவதால்தான் சண்டை வருகிறது.

450 கிலோவா, 600 கிலோவா?

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மண்டபம் அருகே நீலக்கால் நண்டை வேகவைத்துச் சதை பிரிக்கும் சிறு கூடம். விடியற்காலையில் நாட்டுப்படகுகள் கரை சேர்கின்றன. வலையில் சிக்கிய நண்டைக் கால் ஒடியாமல் கழற்றுவதற்கே தனிப் பொறுமை வேண்டும். கூடையில் தண்ணீர் வடியவிட்டு எடை போடுகிறார்கள். வேகவைத்து ஆறிய பிறகு பெண்கள் நீண்ட மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து ஓட்டைப் பிளந்து சதையை எடுக்கிறார்கள். முழுசாக வரும் உடற்சதைக்கு ஒரு தட்டு, உதிர்ந்ததற்கு ஒன்று, காற்சதைக்கு ஒன்று. மூன்றுக்கும் விலை வேறு வேறு. சதையில் சிறு ஓட்டுத்துண்டு கிடந்தாலும் கையில் தடவிப் பார்த்துப் பொறுக்க வேண்டும்.

இந்தக் கூடத்திலிருந்து வாங்குவது தூத்துக்குடியில் உள்ள ஓர் ஏற்றுமதி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வாரம் இப்படிப் போகிறது:

1. 3ஆம் தேதி திங்கள்: ‘600 கிலோ, சனிக்கிழமைக்குள்’ என்று மின்னாவணமாக ஆர்டர் வருகிறது. கூடத்தின் கணக்கு மென்பொருள் தானாகவே ‘ஆர்டர் கிடைத்தது’ என்று பதில் அனுப்புகிறது.

2. 4ஆம் தேதி செவ்வாய்: கூடத்தின் மேலாளர் ‘450 கிலோதான் முடியும்’ என்று எழுதுகிறார். பதில் இல்லை.

3. 5, 6 தேதிகளில் காற்று எச்சரிக்கை. படகுகள் போகவில்லை.

4. 8ஆம் தேதி சனி: நிறுவனத்தின் வண்டி வந்து 430 கிலோவை எடுத்துச் செல்கிறது.

அதற்குப் பிறகு நிறுவனம் ‘170 கிலோ குறைவு, வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு 600 சொல்லிவிட்டோம், நட்டத்தைப் பிடித்துக்கொள்வோம்’ என்கிறது. கூடமோ ‘நாங்கள் ஒப்புக்கொண்டது 450, குறைவு 20தான், அதுவும் காற்றால்’ என்கிறது. இரு தரப்பிடமும் செய்திகள் அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன. ஆனாலும் விடை கிடைக்கவில்லை.

மூன்று அடுக்குக் ‘கிடைத்தது’

‘கிடைத்தது’ என்ற சொல்லுக்குள் எத்தனை பொருள் ஒளிந்திருக்கிறது என்பதை மின்னாவண நெறிகளை வகுத்தவர்கள் முன்பே கண்டுகொண்டார்கள். ஐக்கிய நாடுகள் அவையின் மேற்பார்வையில் உருவான எடிஃபாக்ட் என்ற மின்னாவண நெறியின் இலக்கணம் 1987இல் ஐஎஸ்ஓ 9735 என்ற தரமாக வந்தது. வந்த ஓர் ஆர்டருக்கு மறுமொழி சொல்ல அதில் மூன்று வெவ்வேறு செய்திகள் உண்டு.

1. கான்ட்ரல்: ‘நீங்கள் அனுப்பிய கோப்பு வந்தது, இலக்கணப் பிழை இல்லை.’ தபால்காரர் கையெழுத்து வாங்குவது போன்றது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிக்கவில்லை.

2. அபெராக்: ‘எங்கள் கணக்கு முறை அதை எடுத்துக்கொண்டது, பொருள் எண் சரி, வாடிக்கையாளர் எண் சரி.’ கம்ப்யூட்டர் படித்துவிட்டது. மனிதர் இன்னும் படிக்கவில்லை.

3. ஆர்டர்ஸ்பி, அதாவது ஆர்டருக்கான பதில்: ‘ஏற்கிறோம்’, ‘மறுக்கிறோம்’ அல்லது ‘இந்த மாற்றத்தோடு ஏற்கிறோம்.’ வாக்கு பிறப்பது இங்கேதான்.

முதல் இரண்டும் துண்டுக்கடி விரல் அளவுக்குக்கூட வராது. மூன்றாவது மட்டுமே அச்சாரம். கூடத்தின் மென்பொருள் அனுப்பிய ‘கிடைத்தது’ இரண்டாம் அடுக்குப் பதில். தூத்துக்குடி அலுவலகம் அதை மூன்றாம் அடுக்காகப் படித்து, அதை நம்பி வெளிநாட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டது.

1999இல் ஐ.நா.வின் வணிக எளிமைப்படுத்தல் அமைப்பும் ஓயாசிஸ் என்ற தர அமைப்பும் சேர்ந்து மின்வணிகச் செய்திப் பரிமாற்றத்துக்குப் பொதுத் தரம் வகுக்கும் ஈபிஎக்ஸ்எம்எல் என்ற பணியைத் தொடங்கின. 2001 மே மாதம் வியன்னாவில் அதன் முதல் தொகுதி ஏற்கப்பட்டது. அது இந்த அடுக்குகளோடு நேரத்தையும் சேர்த்தது. பெற்றதைச் சொல்ல எவ்வளவு நேரம், ஏற்பதைச் சொல்ல எவ்வளவு நேரம், செய்து முடிக்க எவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் மூன்று கடிகாரங்கள்.

வெவ்வேறு செயலிகளில் இருக்கும் வாங்குபவரையும் விற்பவரையும் இணைக்கும் நம் நாட்டு ஓஎன்டிசி வலையமைப்பிலும் இதே அமைப்பு இருக்கிறது. ‘கன்ஃபர்ம்’ என்று கேட்டவுடன் வரும் உடனடிப் பதில் ‘செய்தி வந்தது’ என்று மட்டுமே பொருள்படும். பிறகு தனியாக வரும் ‘ஆன்-கன்ஃபர்ம்’தான் விற்பவரின் உண்மையான விடை. முதலாவதைப் பார்த்ததும் ஆர்டர் உறுதியாகிவிட்டது என்று வாங்குபவர் நம்புவது தவறு.

சட்டம் என்ன சொல்கிறது?

மின்வணிகத்துக்குத் தனி ஒப்பந்தச் சட்டம் நம்மிடம் இல்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டமே அடித்தளம். அதன் 7ஆம் பிரிவுப்படி, ஏற்பு முழுமையானதாக, நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும். ஆகவே 600க்கு ‘450’ என்று பதில் எழுதினால் அது ஏற்பு ஆகாது, புதிய முன்மொழிவு. பந்து மறுபக்கம் போய்விட்டது. தூத்துக்குடி பதில் சொல்லாதவரை 600க்கும் ஒப்பந்தம் இல்லை, 450க்கும் ஒப்பந்தம் இல்லை.

ஆனால் 8ஆம் பிரிவு இன்னொரு வழியைத் திறக்கிறது. முன்மொழிவில் கேட்ட செயலைச் செய்தாலோ, அதற்கு ஈடாகத் தரப்படுவதைப் பெற்றுக்கொண்டாலோ, அதுவும் ஏற்புதான். வண்டி அனுப்பி 430 கிலோவை ஏற்றிக்கொண்டு போன செயல், கூடத்தின் முன்மொழிவை ஏற்றதாகும் என்று வாதாட அங்கே இடம் இருக்கிறது.

2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதன் மேல் சில விதிகளை அடுக்குகிறது:

1. பிரிவு 10ஏ: மின்வடிவில் செய்த ஒப்பந்தம் என்பதற்காகவே அது செல்லாது என்று சொல்ல முடியாது. 2008 திருத்தத்தில் வந்தது.

2. பிரிவு 11: அனுப்புபவர் சார்பில் தானாக இயங்கும்படி நிரல் எழுதப்பட்ட கம்ப்யூட்டர் அனுப்பியதும் அனுப்புபவருடையதே. ‘மென்பொருள் தானாக அனுப்பிவிட்டது, எனக்குத் தெரியாது’ என்று தப்பிக்க முடியாது.

3. பிரிவு 12: பெற்றதற்கான ஒப்புதல் எப்படி இருக்க வேண்டும் என்பது பற்றியது. ‘ஒப்புதல் வந்தால்தான் இந்தச் செய்தி என்னைக் கட்டுப்படுத்தும்’ என்று அனுப்புபவர் சொல்லியிருந்தால், ஒப்புதல் வராதவரை அந்தச் செய்தி அனுப்பப்படவே இல்லை என்றே கொள்ள வேண்டும்.

4. பிரிவு 13: செய்தி எப்போது அனுப்பப்பட்டதாக, எப்போது பெறப்பட்டதாகக் கருதப்படும் என்பது.

இரண்டாவதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். பல மென்பொருள்களில் தானியங்கிப் பதிலின் வாசகம், வாங்கியபோதே எழுதி வைத்திருக்கும் ஒன்று. அதில் ‘ஆர்டர் கிடைத்தது’ என்று இருக்கிறதா, ‘ஆர்டர் உறுதி செய்யப்பட்டது’ என்று இருக்கிறதா என்று திறந்து பார்த்தவர்கள் குறைவு. நம் எடுத்துக்காட்டில் அந்த வாசகம் இரண்டாவதாக இருந்திருந்தால், 600 கிலோவுக்கும் கூடம் பொறுப்பேற்க வேண்டிய நிலை வந்திருக்கும். ஒரே ஒரு சொல்லில் 150 கிலோ நண்டுச் சதை.

மின்னஞ்சலில் பேசி முடித்த பேரத்துக்குப் பிறகு முறையான ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்து ஆகவில்லை என்று விலக முடியுமா என்ற கேள்வி, டிரைமெக்ஸ் இன்டர்நேஷனல், வேதாந்தா அலுமினியம் ஆகிய நிறுவனங்களுக்கிடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. முக்கிய நிபந்தனைகளை மின்னஞ்சலில் ஏற்றவுடனேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டது, பத்திரம் இல்லாதது அதைக் குலைக்காது என்று 2010இல் தீர்ப்பாயிற்று.

மௌனம் சம்மதமா?

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது கல்யாணப் பேச்சில் சரியாக இருக்கலாம். வணிகத்தில் மௌனத்தின் பொருள் இடத்துக்கு இடம் மாறுகிறது. சிறு நிறுவனங்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

1. முன்மொழிவுக்கு மௌனம்: பொதுவாக ஏற்பு ஆகாது. ‘இரண்டு நாளில் பதில் வராவிட்டால் ஏற்றதாகக் கொள்வேன்’ என்று ஒருதலையாக எழுதி மறுதரப்பைக் கட்டிவிட முடியாது. இரு தரப்பும் முன்கூட்டி அப்படி ஒத்துக்கொண்டிருந்தால் மட்டும் விஷயம் வேறு.

2. சரக்கு இறங்கிய பிறகு மௌனம்: இங்கே தலைகீழ். 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, விற்பவர் குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், ஒப்படைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் வாங்குபவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், ஒப்படைத்த நாளிலேயே சரக்கை ஏற்றதாகிவிடும்.

3. ஜிஎஸ்டி தளத்தில் மௌனம்: 2024 அக்டோபரில் வந்த விலைப்பட்டியல் மேலாண்மை வசதியில், பெறுபவர் ஒரு விலைப்பட்டியலை ஏற்கலாம், மறுக்கலாம், நிறுத்தி வைக்கலாம். ஒன்றும் செய்யாவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும். ஆனால் இது வரிக்கணக்குக்கான ஏற்பு. சரக்கின் தரத்தை ஏற்றதற்குச் சான்று ஆகாது.

இதே வரிசையில் ஐஆர்என் என்ற 64 எழுத்து விலைப்பட்டியல் எண்ணையும் சொல்ல வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டும் நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இது கட்டாயம். இந்த எண் கிடைத்துவிட்டால் வாங்குபவர் ஒத்துக்கொண்டதாகப் பலர் நினைக்கிறார்கள். வாங்குபவர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார். விலைப்பட்டியல் அரசின் பதிவேட்டில் ஏறியது என்பதோடு அதன் வேலை முடிகிறது.

தொழில்நுட்பப் பக்கத்தில் மௌனத்துக்கு இன்னொரு கனம் உண்டு. பாம்பனில் மின்சாரம் போய்விட்டது. அனுப்பிய பதில் போனதா, போகவில்லையா? மறுதரப்பு ‘வந்தது’ என்று சொன்னால் தெரியும். அந்த ‘வந்தது’ நம்மிடம் வந்தது என்று மறுதரப்புக்கு எப்படித் தெரியும்? இதற்கு ஒரு பதில், அதற்கு ஒரு பதில் என்று முடிவே இல்லாமல் போகும். எத்தனை செய்தி அனுப்பினாலும் கடைசிச் செய்தி பற்றிய ஐயம் தீராது. ஆகவே நல்ல மாதிரி, செய்தி வராதபோது என்ன என்பதை முதலில் வரைகிறது. ‘செவ்வாய் மாலை 6 மணிக்குள் ஏற்பு வராவிட்டால் ஆர்டர் இறந்தது’ என்று இரு பக்கமும் ஒரே விதி இருந்தால், மின்சாரம் போய்ச் செய்தி வராமற்போனாலும் எந்த விதிப்படி முடிவு செய்வது என்பதில் சண்டை வராது.

வாக்கைக் கணக்கில் எழுதுவது

வரவு செலவுப் பேரேட்டில் வாக்குக்குப் பத்தி கிடையாது. சரக்குப் போன பிறகு ஒரு வரி, பணம் வந்த பிறகு ஒரு வரி. நடந்தது மட்டுமே ஏறும். நடக்க வேண்டியது ஏறாது. இந்தக் குறையைக் கணக்கியல் பக்கத்திலிருந்து தீர்க்க வழி சொன்னவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மெக்கார்த்தி. 1982இல் அவர் முன்வைத்த மாதிரிக்கு ஆர்ஈஏ என்று பெயர். வளம், நிகழ்வு, தரப்பு ஆகிய மூன்றையும் குறிக்கும் ஆங்கில முதலெழுத்துகள் அவை. எந்த வணிகத்தையும் இம்மூன்றாலும் வரைந்துவிடலாம் என்பது அவர் கருத்து. கொடுப்பது ஒரு நிகழ்வு என்றால், அதற்கு ஈடாகப் பெறுவது இன்னொரு நிகழ்வு. இரண்டும் இணைத்தே வரையப்பட வேண்டும். பின்னாளில் கைடோ கீர்ட்ஸ் என்ற கணக்கியல் ஆய்வாளரும் அவரும் சேர்ந்து இதில் கடப்பாட்டைச் சேர்த்தார்கள். நடந்த ஒவ்வொரு நிகழ்வும் முன்னே சொன்ன ஒரு வாக்கை நிறைவேற்றுகிறது. ஒவ்வொரு வாக்குக்கும் எதிரே ஒரு வாக்கு இருக்கிறது. 2007இல் இந்த மாதிரி ஐஎஸ்ஓ/ஐஈசி 15944 தரத்தின் நான்காம் பகுதியாக இடம்பெற்றது.

நம் கூடத்தை இப்படி வரைந்தால்:

1. வளங்கள்: நண்டுச் சதை, பணம், பெண்களின் உழைப்பு.
2. தரப்புகள்: படகுக்காரர், கூடம், சதை பிரிப்பவர்கள், ஏற்றுமதி நிறுவனம்.
3. வாக்குகள்: ‘450 கிலோ, சனிக்குள்’ என்று கூடம், ‘இன்ன விலை, இன்ன நாளுக்குள்’ என்று நிறுவனம்.
4. நிகழ்வுகள்: 430 கிலோ ஒப்படைப்பு, பிறகு பணம்.

இப்போது மிச்சம் 20 கிலோ என்பது தானாகத் தெரிகிறது. 600 என்ற எண் எந்த வாக்கோடும் இணைக்கப்படவில்லை என்பதும் தெரிகிறது. விற்பனை மென்பொருளில் இந்த இணைப்பு இல்லாவிட்டால், ஒவ்வொரு சண்டைக்கும் பழைய மின்னஞ்சலைத் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

வாக்கு மாறும் வழிகள்

கம்ப்யூட்டர் அறிவியல் பக்கத்திலிருந்து முனிந்தர் சிங் 1999இல் வெளியிட்ட ஆய்வும் அவருடைய பிந்தைய ஆய்வுகளும் இங்கே பெரிதும் உதவும். வாக்கு தருபவர், அதைப் பெறுபவர், எந்த நிபந்தனையில், என்ன விளைவு என்ற நான்கையும் சொன்னால் கடப்பாடு முழுமையாகிறது. பிறந்த பிறகு அதற்கு ஐந்து விதமான கதி: நிறைவேற்றலாம்; தந்தவர் ரத்து செய்யலாம்; பெறுபவர் ‘வேண்டாம், விடு’ என்று விடுவிக்கலாம்; தந்தவர் தன் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம்; பெறுபவர் தன் உரிமையை இன்னொருவருக்கு மாற்றலாம்.

ரத்தும் விடுவிப்பும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். இரண்டிலும் சரக்குப் போகாது. ஆனால் ரத்து செய்தால் ஈடு கேட்கலாம். விடுவித்தால் கேட்க முடியாது. ‘ஆர்டர் நீக்கப்பட்டது’ என்று ஒரே பொத்தானாக வைத்திருக்கும் தளத்தில் இந்த வேறுபாடு அழிந்துபோகிறது. யார் அழுத்தினார்கள், எந்த உரிமையில் அழுத்தினார்கள் என்பது பதிவாக வேண்டும்.

கடலைப் பொறுத்தவரை நிபந்தனை என்ற பகுதியைத்தான் மிகக் கவனமாக எழுத வேண்டும். விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். இது எல்லாருக்கும் முன்பே தெரிந்த தேதி. மே மாதத்துக்கு விசைப்படகுக் கணவாய் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தடைக்காலத்தைக் காரணம் காட்ட முடியாது. காற்று எச்சரிக்கை அப்படியல்ல. அது இரண்டு நாள் முன்புதான் தெரியும். ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு செய்ய இயலாமற்போன ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் சரக்குக் கிடைப்பது கடினமானது, விலை ஏறிவிட்டது என்பவற்றையெல்லாம் நீதிமன்றங்கள் எளிதில் இயலாமையாக எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே அதை நம்பாமல், ‘மீன்பிடிக்கச் செல்ல வேண்டாமென்று அரசு அறிவிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒப்படைப்பு ஒரு நாள் தள்ளிப்போகும்’ என்று ஆர்டர் நிபந்தனையிலேயே எழுதிவிடுவது பாதுகாப்பு. ஒரே வரிதான். கம்ப்யூட்டரும் அதைக் கணக்கிட்டுக்கொள்ளும்.

கரையில் விடுபட்ட அம்புகள்

மின்வணிக மாதிரிகள் பெரும்பாலும் கூடத்தின் வாசலில் தொடங்குகின்றன. அதற்குக் கீழே இருப்பது வரையப்படுவதில்லை. அங்கே வாக்கு இல்லையா? அங்கேதான் அதிகம்.

படகுக்காரர் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார். அதற்கு ஈடாக, பிடித்து வருவதை அவரிடமே போடுவதாக வாக்கு. தருபவர், பெறுபவர், நிபந்தனை, விளைவு நான்கும் இருக்கின்றன. வியாபாரியின் நோட்டில் முன்பணத்துக்கு ஒரு பத்தியும் இருக்கும். வாக்கைப் பதிவதில் அந்த நோட்டு, பல லட்சம் ரூபாய் மென்பொருளைவிட ஒரு படி மேல். ஆனால் அதில் இரண்டு விஷயம் எழுதப்படுவதில்லை. விலையை யார், எதைக் கொண்டு முடிவு செய்வது? இந்தக் கட்டு எப்போது அவிழும்? விடுவிப்புக்கு வழி எழுதாத கடப்பாடு முடிவில்லாமல் நீள்கிறது.

இதற்கிடையே மேலிருந்து வரும் மின்மயம் படகுவரைக்கும் இறங்கிவிட்டது. கடலில் பிடித்த மீன் வகைகளை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்ப 2010 ஜனவரி 1 முதல் பிடிப்புச் சான்றிதழ் வேண்டும். 2026 ஜனவரி 10 முதல் அங்குள்ள இறக்குமதியாளர்கள் அதை ‘கேட்ச்’ என்ற மின்தளம் வழியாகத்தான் தாக்கல் செய்ய வேண்டும். எந்தப் படகு, எந்தக் கடற்பகுதி, எவ்வளவு எடை என்ற தகவல் கரையிலிருந்து கிளம்பி நாடு தாண்டிப் போகிறது. மீன்வளம் காக்க அது தேவையான ஏற்பாடு. அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் அந்தப் படத்தை விரித்து வைத்துப் பாருங்கள். படகிலிருந்து மேல்நோக்கித் தகவல் அம்பு போகிறது. மேலிருந்து படகுக்கு ஓர் அம்பும் வருவதில்லை. வெளிநாட்டில் ஒரு பெட்டி நிராகரிக்கப்பட்டால், அடுத்த வாரம் கரையில் விலை குறைகிறது. ஏன் குறைந்தது என்ற செய்தி கிடையாது. மெக்கார்த்தியின் முதல் விதியே கொடுப்பதற்கு எதிரே பெறுவது வரையப்பட வேண்டும் என்பதுதான். படகுக்காரர் தகவலைத் தருகிறார். அதற்கு ஈடாக அவர் பெறுவது என்ன என்பது வரையப்படாமலே இருக்கிறது.

சதை பிரிக்கும் பெண்களுக்கும் இதுவே. உழைப்பு ஒரு வளம் என்று மாதிரியில் எழுதினால், வியாழக்கிழமை ரத்தாகும் ஆர்டரால் யாருடைய வேலைநாள் போகிறது என்பதும் கணக்கில் ஏறும். எழுதாவிட்டால் அந்த நட்டம் எவர் கண்ணுக்கும் படாமல் அவர்கள் வீட்டில் போய் இறங்கும். எதை வரைகிறோம் என்பது வெறும் தொழில்நுட்பத் தேர்வு என்று நான் நினைக்கவில்லை.

மறுபடி அந்த 430 கிலோ

நண்டுக் கூடத்தின் வழக்கை இப்போது வரிசையாகத் தீர்த்துவிடலாம்.

1. திங்கட்கிழமை ‘கிடைத்தது’: இரண்டாம் அடுக்கு. எந்த வாக்கும் பிறக்கவில்லை. 600 கிலோ கேள்வி இதோடு விழுகிறது.

2. செவ்வாய்க்கிழமை ‘450’: எதிர்முன்மொழிவு. நிறுவனத்தின் மௌனம் ஏற்பு ஆகாது.

3. சனிக்கிழமை வண்டி வந்து சரக்கை எடுத்தது: செயலால் ஏற்பு என்று கூடம் வாதிடலாம். அப்படியானால் மிச்சம் 20 கிலோ. காற்று நாட்களுக்கான வரி ஆர்டரில் இருந்திருந்தால், இரண்டு நாள் தள்ளி 10ஆம் தேதிக்குள் அந்த 20ஐக் கொடுத்து முடித்திருக்கலாம்.

4. ஆட்சேபக் காலம்: ஒப்படைத்தது ஆகஸ்ட் 8. எழுத்தில் ஆட்சேபம் சொல்ல ஆகஸ்ட் 23 வரை நேரம். 26ஆம் தேதி வரும் ‘ஓடு கிடக்கிறது’ என்ற மின்னஞ்சலால், சட்டப்படி சரக்கை ஏற்ற தேதி மாறாது.

5. பணம்: கூடம் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், எழுத்துமூல ஒப்பந்தத்தில் எவ்வளவு தவணை போட்டிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. அதாவது செப்டம்பர் 22. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டுவட்டி.

6. சனிக்கிழமை வண்டியில் ஏற்றியபோது வாங்கிய ரசீது: ஐந்தாவது கணக்கு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. தேதியும் எடையும் போட்டு, எடுத்துச் சென்றவரின் பெயரோடு, அன்றைக்கே இரு தரப்புக் கம்ப்யூட்டரிலும் ஏறியிருக்க வேண்டும். டிரைவரின் சட்டைப்பையில் மடித்து வைத்த, ஐஸ் தண்ணீரில் நனைந்த சீட்டாக அது இருந்தால், 15 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற புதிய சண்டை அங்கே தொடங்கும்.